இறக்கை முறிந்த ராஜாளி

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், மேடம். விழாது, தைரியமாக உட்காருங்கள். ஆணியில் தொங்கும் துணிப்பைகளையே பார்க்கிறீர்களே, அவை பறவைகளுக்கு. பிடித்த பறவையை எடை பார்க்கும்வரை அதற்குள்தான் போட்டு வைப்போம். எல்லாம் துவைத்தவை. என் தங்கைக்கு அழுக்கு ஆகாது.

இந்த நிலையத்தை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். கழுகு, ராஜாளி, பருந்து என்று வேட்டைப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்க விடுவது எங்கள் வேலை. பறவை பெரிதாக இருந்தால் முதுகில் சின்ன சிக்னல் கருவி ஒன்றையும் கட்டுவோம். அது எங்கே போனாலும் உள்ளறைக் கணினியில் ஒரு புள்ளி நகரும். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். தலை பின்னக் கற்றுக்கொண்டேன், கோணல்மாணலாக. "எங்கண்ணன் பின்னின ஜடை, பள்ளிக்கூடமே சிரிச்சுது" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்.

கழுகைப் பிடிப்பது கஷ்டமில்லை. கம்பிக் கூண்டுக்குள் ஒரு புறாவை விட்டு, கூண்டின்மேல் நைலான் கண்ணிகளை வைப்போம். புறாவைத் தூக்கக் கழுகு இறங்கும்போது அதன் விரல்கள் கண்ணியில் சிக்கும். புறாவுக்கு ஒன்றும் ஆகாது. மூலையில் ஒடுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு கழுகின் தலையில் துணியைப் போட்டால் போதும், அசையாமல் கிடக்கும். பார்க்க வருகிறவர்கள், எவ்வளவு சாது என்று வியப்பார்கள். தங்கைக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

"சாதுவா? பயத்துல விறைச்சுப் போய்க் கிடக்குண்ணா. நெஞ்சுல கை வச்சுப் பாரு" என்பாள்.

வைத்துப் பார்ப்பேன். வேகமாகத்தான் அடிக்கும். கழுகுக்கு அப்படித்தான் அடிக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது ஓர் இளம் கழுகால். கருவியின் வாரைக் கட்டும்போது வாருக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் விட வேண்டும். இளம் பறவை இன்னும் சதை போடும் அல்லவா. நான் இடம் விடவில்லை. அதற்கு முந்தைய கழுகு வாரை உருவிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. புள்ளி நின்ற வயலுக்கு ஓடிப்போய் வெறும் கருவியைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கழுகு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அப்படி ஒன்று தெரியாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இதற்கு இறுக்கிக் கட்டினேன். புள்ளி அழகாக நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

தங்கைதான் போய் எடுத்துவந்தாள். இறக்கைக்கு அடியில் வார் சதைக்குள் இறங்கியிருந்தது. இதோ, இந்த மேசைமேல்தான் வைத்தாள்.

"இது நம்மகிட்ட எதையும் கேக்கலண்ணா. எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு அரிப்பு நமக்குத்தான்" என்றாள். அதன் பிறகு அவள் எந்தக் காலுக்கும் வளையம் போடவில்லை.

வெளியே உங்கள் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறாரே பறவை டாக்டர், அவரும் அவளும் விரும்பியது எனக்கு முன்பே தெரியும். கல்யாணம் செய்துகொண்டு அவர் ஊருக்கே போகப்போவதாகச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. இனிப்பு வாங்கி வந்ததே நான்தான். டாக்டர் வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டே, "மச்சான், இவ காலுக்கும் ஒரு வளையம் மாட்டி அனுப்புங்க. தொலைஞ்சா நம்பரைப் பார்த்து யாராவது திருப்பி அனுப்புவாங்க" என்றார். அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். மூவரும் சிரித்தோம்.

செத்த கழுகின் கருவி பழுதாகாமல் இருந்தது. அதைக் கழுவி, அவள் கைப்பையின் உள்துணிக்குள் வைத்துத் தைத்தேன். அதனால் அவளுக்கு என்ன நஷ்டம்? அவள் கடைக்குப் போனால் புள்ளியும் கடைக்குப் போகும். எனக்கு நிம்மதி.

ஒருநாள் புள்ளி பஸ் நிலையத்தில் போய் நின்றது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்ததாம். டாக்டர் பிறகு சொன்னார். என்னிடம் என்ன பயம், மேடம்? பயந்தவன் நான். பஸ் கிளம்பினால் புள்ளி நகரும், திரையின் விளிம்பைத் தாண்டும், அப்புறம் இந்த வீட்டில் நான் மட்டும்தான்.

போன் செய்தேன். "ஒரு ராஜாளி வந்திருக்கு. இறக்கை முறிஞ்சிருக்கு. கட்டுப் போட இன்னொரு கை வேணும்" என்றேன். அடிபட்ட பறவை என்றால் அவளால் மறுக்க முடியாது.

"தலையில துணியைப் போட்டு வை. இதோ வரேன்" என்றாள். ஏன் பஸ் நிலையத்தில் இருந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்கட்டில் ஓர் இருட்டறை உண்டு. ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். வெளிச்சம் இல்லாவிட்டால் காயம்பட்ட பறவைகள் சீக்கிரம் அடங்கும். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, தரையில் குனிந்து தடவினாள்.

"எங்கண்ணா இருக்கு?"

நான் கதவைச் சாத்தினேன்.

முதலில் கோபமாகத்தான் தட்டினாள். என்னைத் திட்டினாள். பிறகு குரல் மாறிவிட்டது. "அண்ணா, நான் போகலண்ணா. சத்தியமா போகல. எனக்கு இங்க பயமா இருக்கு, கதவைத் திறண்ணா." சின்ன வயதில் இடி இடித்தால் இப்படித்தான் கூப்பிடுவாள். கேட்டுக்கொண்டு வெளியே நிற்பது எனக்கும் சுலபமாக இல்லை. கதவில் மோதிக் கையை உடைத்துக்கொள்வாளே என்றுதான் உள்ளே போய்க் கைகளைக் கட்டினேன். கழுகுக்குக் கட்டும் மெத்தென்ற வார்தான். ஒரு விரல் நுழைய இடமும் விட்டேன். செய்த தவறைத் திரும்பச் செய்கிறவன் அல்ல நான். தலையில் துணி போட்டதும் மெல்ல மெல்ல அடங்கிவிட்டாள். ஊட்டினால் வாயைத் திறந்தாள். டாக்டர் தேடிக்கொண்டு வந்தபோது, அவள் பஸ் ஏறிப் போய்விட்டதாகச் சொன்னேன். அப்போதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

சாவி கேட்கிறீர்கள். அதற்கு அவசியமில்லை. இன்று காலை வாரை நானே அவிழ்த்தேன். துணியை எடுத்தேன். கதவை முழுக்கத் திறந்து வைத்து, ஓரமாக ஒதுங்கி நின்று, "போகணும்னா போம்மா" என்றேன். அவள் வெளிச்சத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிடலாம் என்று கையை நீட்டினேன். கீழே கிடந்த துணியை அவளே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, மேடம். போய்ப் பாருங்கள். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. அண்ணனை விட்டுப் போக மனமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறாள்.