இரண்டாவது பூட்டு

ராத்திரி ஒன்றே முக்கால். ஒரகடத்திலிருந்து உள்ளே பிரியும் ஒரு ரோடு… எந்த ரோடு என்று சொல்ல மாட்டேன், நாளைக்கு நீங்கள் அந்த வழியாகத்தான் ஷிஃப்டுக்குப் போக வேண்டும். ஆறு கிலோமீட்டருக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. சரி, நாலு கிலோமீட்டர். இருட்டில் நாலு ஆறாகிவிடாதா?

அங்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில், கம்பெனி எலக்ட்ரிக் பஸ்களுக்கு சார்ஜ் போடும் இடம். பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. அது அன்றைக்குப் படுத்துவிட்டது. சரிபண்ணப் போனவன் மாரிசெல்வம், என்னோடு வேலை பார்த்த நயினாருக்கு மச்சினன். தனியாகத்தான் போனான். அவன் ஓட்டிப்போன வேனும் எலக்ட்ரிக், வேடிக்கையைப் பாருங்கள்… போய்ச் சேர்ந்தபோது அதில் சார்ஜ் ஒரு சதவீதம். பெட்டிக்கு உயிர் வந்தால்தான் அவனும் ரூமுக்குத் திரும்ப முடியும்.

உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். கரண்டில் கை வைக்கிறவன் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கி அதில் தன் பூட்டைப் போட வேண்டும். பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி அவன் பையில். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அவனவன் பூட்டை அவனவன்தான் கழற்ற வேண்டும். பூட்டு தொங்குகிறதா, உள்ளே ஒரு உயிர் இருக்கிறது.

மாரிசெல்வம் மெயினை இறக்கினான். பூட்டினான். முப்பதடி தள்ளியிருந்த பெட்டியைத் திறந்து, எரிந்த ஃபியூஸை மாற்றி, மூடிவிட்டுத் திரும்பி வந்தான்…

இரண்டு பூட்டு தொங்கியது.

அவனுடையது சிவப்பு. இன்னொன்று துருப்பிடித்தது. தொட்டால் ஐஸ். அட்டை இருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடம் தீய்ந்திருந்தது. முடி கருகின வாடை.

கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டான். வேல்விழி எடுத்தாள்.

“எம்மா, என்கூட வேற யாரையும் அனுப்புனியளா?”

“இல்லண்ணா. ஏன்?”

“மெயின்ல ரெண்டு பூட்டுல்லா கிடக்கு.”

“அப்போ கை வெச்சிடாதீங்கண்ணா. அந்த ஆளே வந்து கழட்டட்டும்.”

“எந்த ஆளு?”

சிக்னல் போய்விட்டது.

கிர்ர்… கிர்ர்… ஸ்பேனர் நட்டைத் திருகும் சத்தம். மூடிய பெட்டிக்குள்ளிருந்து. பெட்டியின் ஆழம் ஒரு முழம். பூனை நுழையலாம், மனுஷன் நுழைய முடியாது. பயலுக்குத் தலைமுடி நட்டுக்கொண்டு நின்ற நிலையில் அதில் வேட்டி காயப்போட்டிருக்கலாம் என்பான் நயினார்.

ஹாக்ஸா பிளேடை எடுத்தான். துருப்பூட்டில் வைத்தான். சத்தம் நின்றது.

“தம்பி… அறுத்துடாதப்பா. நான் உள்ள இருக்கேன்.”

வயசான குரல். கெஞ்சல்.

பிளேடு கீழே விழுந்தது. ஓட வண்டியில் சார்ஜ் இல்லை. பூட்டை அறுத்து மெயினைப் போட மனசு இல்லை. கதவைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. யாரும் தொட்டுவிடக் கூடாதென்று மெயினுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். மூன்று மணி நேரம். உள்ளே கிர்ர்… கிர்ர்…

ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் பரசுராமன் பென்னலூரிலிருந்து பைக்கில் வந்தார். ஐந்தரைக்குப் பன்னிரண்டு பஸ் சார்ஜுக்கு வரும். பூட்டு விஷயத்தை வேல்விழி சொல்லியிருந்தாள், கையில் பெரிய கட்டர்.

“இன்னாடா, குந்திகினு தூங்குறியா?”

“சார், உள்ள ஆளு இருக்கு சார். பூட்டப் பாருங்க.”

“அந்த டப்பாக்குள்ள எவன்டா பூருவான்? உங்கப்பனா? நவுரு.”

மாரிசெல்வம் அவர் காலைக் கட்டிக்கொண்டான். உதறிவிட்டார். டக்… டக்… இரண்டு பூட்டும் மண்ணில். மெயினைத் தூக்கினார்.

திடும்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே யாரும் கத்தவில்லை. பரசுராமன் சிரித்தார்.

அப்புறம் பெட்டிக் கதவு… மெல்ல… திறந்தது. உள்ளே வெறும் கம்பிகள். குரல் வெளியே வந்திருந்தது.

“மெயின யாரு போட்டது?”

கோபமே இல்லை. விசாரிக்கிற மாதிரி.

பரசுராமனின் கை இன்னும் மெயின் பிடியில்தான் இருந்தது. அதை எடுத்தார். மாரிசெல்வத்தை நோக்கி நீட்டினார்.

“இவன்தான்.”

மாரிசெல்வம் வாயைத் திறந்தான். ஜல்லியில் காலடி… சரக்… சரக்… பரசுராமனைத் தாண்டி வந்தது.