மூன்று நாற்காலி அறையில் நின்றே இருந்தவருக்கு

மகப்பேற்றுப் பிரிவின் மாண்பே! கலங்கி வந்தோர்க்குக் கனிவோடு கதவு திறந்த கையே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களுக்கு முன்னே நடந்து, இன்று பணி நிறைவு பெறும் தலைமை மருத்துவரே! பெரியவர் சிறியவர் என்றில்லாமல் எங்கள் அனைவருக்கும் அக்காவே!

தாங்கள் கையில் ஏந்திய குழந்தைகள் வளர்ந்து, தம் குழந்தைகளையும் தங்கள் கையிலேயே பெற்றுக்கொண்ட காட்சியை நாங்கள் கண்டிருக்கிறோம். பிரசவ அறையில் தங்கள் அதட்டல் படிக்கட்டு வரை கேட்கும். அதட்டி முடித்ததும் தலையைக் கோதிவிடும் விரல்களை உள்ளே இருந்தவர்களே அறிவர். அவற்றையெல்லாம் வாழ்த்த வந்த பெருமக்கள் மேடையில் விரித்துரைத்துவிட்டனர். இம்மடலோ மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு சிறிய அறையைப் பற்றிப் பேச விழைகிறது. ஏனெனில், இந்த மாதம் முழுவதும் எங்களில் எவரைக் கண்டாலும் தாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "நான் போயிட்டா வியாழக்கிழமைக்கு யாரு?"

விருந்தினர் அறியும் பொருட்டு விளக்குகிறோம். கருவைக் கலைக்க வேண்டிய நிலையில் வரும் பெண், அது எத்துணை இளங்கருவாயினும், மருத்துவர் மூவர் அடங்கிய குழுவின் முன் வரவேண்டும் என்பது இன்றுள்ள சட்டம். இருவர் இசைந்தால் போதும்; ஆனால் மூவரும் அறையில் இருந்தாக வேண்டும். சட்டம் குறித்த வாரங்கள் கடந்துவிட்டால், ஊரே கூடி இசைந்தாலும் பயனில்லை. நம் மருத்துவமனையில் அக்குழு கூடுவது வியாழக்கிழமைகளில் மட்டுமே. அறையில் ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் உண்டு. வருகிறவள் நின்றுகொண்டுதான் தன் துயரைச் சொல்லவேண்டும்.

குழுவில் தாங்கள் சேர்ந்த முதல் நாளே எழுந்து, தங்கள் நாற்காலியை எதிர்ப்புறம் தள்ளினீர்கள். "உக்காரும்மா. எனக்கு நின்னு பழக்கம். பிரசவ அறையில எந்த டாக்டர் உக்காந்திருக்கா?" என்றீர்கள். இன்னொரு நாற்காலி கேட்டதற்கு, மூவர் குழுவுக்கு மூன்று நாற்காலிதான் என்று அலுவலகம் விடை சொன்னது. அன்று நின்றவர்தான் தாங்கள்! "நிக்கிற டாக்டர் இருக்காங்களா?" என்று வார்டுகளில் கேட்டால், எல்லா விரல்களும் தங்கள் அறையையே காட்டும்.

சட்டத்தைத் தளர்த்தலாமா என்று ஆராய வந்த அரசுக் குழுவின் முன், தாங்கள் வாதத்தைப் புள்ளிவிவரத்தால் தொடங்கவில்லை. ஒரு கதையால் தொடங்கினீர்கள். ஒரு காட்டாற்றின் குறுக்கே பாலம் ஒன்று இருந்ததாம். யானை, கரடி, கொக்கு மூன்றும் கூடினால்தான் அதன் கதவு திறக்கும். ஒரு நாள், பின்னால் தீ துரத்த ஒரு மான் ஓடிவந்து நின்றது. யானை வந்தது; கரடியும் வந்தது; கொக்கு மட்டும் மீன் பிடிக்கப் போயிருந்தது. யானையும் நல்லது, கரடியும் நல்லது, கொக்கும் நல்லதுதான். "ஆனா நெருப்புக்கு அது தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டுத் தாங்கள் நீர் அருந்தினீர்கள். அந்த மான் யாரென்று எங்களுக்குத் தெரியும்.

தையற்கூடத்தில் பொத்தான் தைத்து வந்தவள் அவள். இரு பிள்ளைகளின் தாய். இன்னொரு பேற்றைத் தாங்காத இதயம். அவள் வந்த வியாழனன்று குழுவில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். அடுத்த வியாழனுக்குள் சட்டத்தின் வாரக் கணக்கு கடந்துவிட்டது. எவர் மீதும் குற்றமில்லை. அவள் வேறெங்கோ, கூசிச் சொல்லும் ஓரிடத்திற்குப் போய்க் கருவைக் கலைத்து, நஞ்சேறிய உடலோடு நம்மிடமே தூக்கி வரப்பட்டாள். தாங்களும் நம் மயக்கவியல் மருத்துவரும் பகலெல்லாம் போராடினீர்கள். வாசற்படியில் காத்திருந்த இரு பிள்ளைகளிடம் தாங்கள்தான் போய்ச் சொன்னீர்கள்.

அந்த மயக்கவியல் மருத்துவர்தான் தங்களோடு உண்டு, தங்களோடு சிரித்து, இந்த ஒன்றில் மட்டும் தங்களை விடாது எதிர்த்தவர். உங்கள் இருவரின் வாதத்தைக் கேட்கவே உணவு இடைவேளையில் நாங்கள் தாமதித்ததுண்டு.

"சட்டத்தைத் தளர்த்தினா மனசுல இருக்கிற தயக்கமும் தளர்ந்துடும், அக்கா."

"அந்த அறைக்குள்ள சிரிச்சுக்கிட்டே வந்த ஒருத்தியைக் காட்டு தம்பி, நான் வாயை மூடிக்கிறேன்."

"வயித்துல இருக்கறதுக்கு வாய் இல்லையே. அதுக்காக யாராவது பேச வேண்டாமா?"

"பேசு. நீ பேசலைன்னா எனக்கே பயமா இருக்கும். ஆனா முதல் மாசங்கள்ல முடிவு அவளோடதா இருக்கட்டும். அதுக்கு மேல குழு வேணும்னா தினமும் கூடட்டும். காக்க வெச்சே ஒருத்திய சாகடிக்கிறதுக்குப் பேரு கருணையா?"

"நீங்க பேசினா பிடிச்ச சோறும் இறங்க மாட்டேங்குது. அந்த ஊறுகாயாவது இப்படித் தள்ளுங்க."

அந்த அரசுக் குழுவின் முன் அவரும் போய், தளர்த்தக் கூடாது என்றே சாட்சி சொன்னார். போகும்போதும் வரும்போதும் இருவரும் ஒரே வண்டியில்தான் பயணம் செய்தீர்கள். அக்குழுவின் முடிவு இன்னும் வரவில்லை. எங்களிலும் இரு தரப்பினர் உண்டு. மடல் அழகுக்காக அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. மறைத்தால் தாங்களே அதட்டுவீர்கள்.

ஆயினும் அன்பு அக்கா, தாங்கள் அறியாத ஒன்றை இங்கே அறிவிக்கிறோம். தங்கள் இடத்துக்கு எவரும் முன்வராததால், வரும் வியாழனன்று குழு கூடாமல் போகும் என்றே அஞ்சியிருந்தோம். தாங்கள் இவ்வாரம் சோதித்து, "வியாழக்கிழமை வாம்மா" என்று சொல்லி அனுப்பிய பெண்ணுக்கு அடுத்த வியாழன் வரை அவகாசமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். நேற்று நண்பகல், மயக்கவியல் மருத்துவர் எங்களிடம் வந்து சொன்னார்:

"என் பேரை எழுதிக்குங்க. சட்டத்தைத் தளர்த்தக் கூடாதுன்னுதான் இன்னைக்கும் சொல்வேன். எனக்குச் சரின்னு படலைன்னா வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா ஆள் வரலைன்னு இனி எந்தப் பொண்ணும் திரும்பிப் போகக் கூடாது. இன்னொண்ணு, அக்கா மாதிரி நிக்க எனக்கு முழங்கால் இல்ல. ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்கப்பா!"

வாங்கிவிட்டோம். தங்களுக்கென நாங்கள் சேர்த்த அன்பளிப்பு அதுவே. தங்களைக் கேளாமல் செய்த பிழையைப் பொறுத்தருள்க. அலுவலக மேலாளரே இன்று காலை அதைத் தம் தோளில் சுமந்துபோய், மேசையின் எதிர்ப்புறம் வைத்துவிட்டு வந்தார்.

வியாழனன்று அந்தப் பெண் வருவாள். மூவர் இருப்பார்கள். முடிவு எதுவாயினும், அவள் அதை அமர்ந்தபடியே கேட்பாள்.

நலம் குன்றாது, நகை குன்றாது, நூறாண்டும் அதற்கு மேலும் தாங்கள் வாழ வேண்டும்! தங்கள் குரல் அந்தப் படிக்கட்டில் என்றும் எதிரொலிக்க வேண்டும்! இனித் தாங்களும் சற்று அமருங்கள், அக்கா.

கருத்தால் இரு பிரிவாகவும், நன்றியால் ஒரே குடும்பமாகவும் விளங்கும்
மகப்பேற்றுப் பிரிவின் உடன்பணியாளர்கள்