சின்னக் கட்டிதானே என்றார் கண்ணாயிரம்

அவைக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி ஐயா அவர்களே! மண்டியைச் சாத்திவிட்டு வந்திருக்கும் பண்ருட்டிப் பெரியோர்களே! முந்திரி உடைத்த கறை கையில் காயுமுன்னே வந்தமர்ந்த என் தாய்மார்களே! சிதம்பரத்தில் நுண்ணோக்கி வழியே புற்றுநோய்ச் செல்களைப் பார்க்கும் மருத்துவர் இளவரசி உங்களை வணங்குகிறேன்.

நெஞ்சு பதறுகிறது, பதறாமல் எப்படிப் பேசுவேன்? உங்கள் பலா மண்டி கண்ணாயிரம் போய்விட்டார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை!

பெருங்குடலில் கட்டியென்று அவரும் கடலூர் மீன் ஏலக்காரர் மரிய ஜோசப்பும் ஒரே வாரத்தில் எங்களிடம் வந்தார்கள். ஜோசப்புக்குப் பெரிய கட்டி, இவருக்குச் சிறியது. பழத்தின் பருமன் பார்த்தே விலை பேசிப் பழகியவர், நோயையும் அப்படியே மதிப்புப் போட்டார்! “ஜோசப் அண்ணே, ஒங்களுது பலாப்பழம், நம்மளுது முந்திரிக்கொட்டை” என்றார்.

சிரிக்கிறீர்கள். அன்று வார்டே சிரித்தது.

நுண்ணோக்கியில் நான் கண்டது என்ன? ஜோசப்பின் செல்கள் கெட்டும்கூட, பிறந்த குடலின் சாயலை விடவில்லை; சிறு குழாய்களாய் வரிசை கட்டி நின்றன. அத்தகையவை பெரும்பாலும் மெல்லத்தான் பரவும். கண்ணாயிரத்தின் செல்களோ உருவம் மறந்து, உறவு மறந்து, ஒழுங்கு மறந்து சிதறிக் கிடந்தன! இவை விரைந்து பரவக்கூடியவை. உடனே அறுவை வேண்டும் என்றோம். “சின்னக் கட்டிதானம்மா? பலா சீசன் முடியட்டும், வந்துர்றேன்” என்று போய்விட்டார்.

யாரது கடைசி வரிசையில்? “சின்னதுன்னா மெதுவாத்தானே பரவும்?” என்கிறீர்களா? ஐயா, அவரும் அதைத்தான் கேட்டார்! கட்டியின் அளவு வேறு, அதன் குணம் வேறு.

ஜோசப் உடனே அறுவை செய்துகொண்டார். இன்று மீன் ஏலத்தில் கூவுகிறார். கண்ணாயிரம் சீசன் முடிந்து வந்தார். ஸ்கேனைப் பார்த்தேன். கல்லீரல் எங்கும் பரவிவிட்டது! ஒரே ஒரு சீசனில்!

கட்டி என்றால் எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்காதீர்கள்! எப்படிப்பட்டது என்று கேளுங்கள்! மருத்துவர் அவசரம் என்றால் அன்றே கிளம்புங்கள்!

நோயாளியின் பெயரை மேடையில் சொல்லலாமா? சொல்லக்கூடாது. ஜோசப் தம் பெயரைச் சொல்லச் சம்மதித்தார்; கண்ணாயிரத்தின் பெயரைச் சொல்லச் சொன்னவர் அவர் மனைவி ஞானாம்பாள். “பேரச் சொல்லியே பேசும்மா. யாரோ ஒருத்தருன்னா கேக்குறவங்க வூட்டுக்குப் போயி மறந்துருவாங்க” என்றார். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார்.

அவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.