இரண்டு தாம்பாளம்

சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த நாட்களில் இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் பஸ்ஸில் கேட்டது. எனக்கு முன்னால் தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

“உங்க சண்டையில எங்க கப்பலை மறிக்காதீங்கன்னு கால்வாயோட ரெண்டு கரைக்காரங்களுக்கும் நாடு நாடா தூது அனுப்புறாங்களாம். ஒண்ணும் நடக்கல்ல. நம்ம தேயிலை ஆப்பிரிக்காவைச் சுத்திப் போகுது.”

பக்கத்து இருக்கையில், தலையில் கல்யாணப் பூ வாடாத ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா கேட்டாள்: “வெத்தலை பாக்கு வச்சாங்களா நானா?”

“யாருக்கு?”

“சண்டைக்காரங்களுக்குத்தான். எங்க லயத்து வீட்டு வரிசையில அண்ணன் தம்பி சண்டை. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் வர்ற பாதையில ஆளுக்கொரு பக்கம் முள்ளைப் போட்டு மூடிட்டாங்க. நாங்க நியாயம் பேசப் போகல. கல்யாணத்துக்கு வாங்கன்னு ரெண்டு வீட்டு வாசல்லயும் ஒரே நேரத்துல தாம்பாளத்தை நீட்டினோம். வெத்தலையை வாங்கினவங்க கல்யாணத்தை மறிப்பாங்களா?”

“பொறகு?”

“நேத்து அண்ணன் முள்ளை எடுத்துட்டு ஒரு மேளம் கூட்டியாந்தாரு. தம்பி விடுவாரா? ரெண்டு மேளம்! பொண்ணு ஆடாத குறைதான்.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

“வெத்தலையை முதல்ல எடுத்தது யாரு?” என்றார் கடைக்காரர்.

அவள் பதறிக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதை மட்டும் கேக்காதீங்க நானா. முன்னால ஒருத்தரு, பின்னால ஒருத்தரு, ரெண்டு பேரும் இந்த பஸ்லதான் இருக்காங்க.”