பிஸ்கட்டின் வாரிசு

— கொஞ்சம் பொறுங்க டாக்டரம்மா, என் கத்தியைத் தேடிட்டு இருக்கேன். காயடிக்க வேண்டிய ஆண் குதிரைக்குட்டிங்க வரிசையா நிக்குது. விடிஞ்சதுல இருந்து கத்தியைக் காணோம்.

— மெதுவாத் தேடுங்க, மிஸ்டர் டாக்கெட். நான் வந்தது என் குட்டியைப் பார்க்க.

— உங்க குட்டியா? ஆய்வுக்கூடத்துல உருவானா உங்களதாயிடுமா? அது என் பிஸ்கட். மந்தையில இருந்து மாட்டைப் பிரிக்கிற போட்டி டெக்சஸ்ல எங்க நடந்தாலும் போய்க் கேளுங்க, அந்தப் பேரைச் சொல்லுவாங்க. பன்னிரண்டு வருஷம் போட்டிக்குப் போச்சு. ஒம்பது தடவை கோப்பையோடதான் திரும்புச்சு.

— அந்தக் கிழட்டுக் குதிரையோட கழுத்துத் தோல்ல நகமளவு எடுத்தவ நான். வேறொரு குதிரையோட கருமுட்டையில இருந்த உட்கருவை உறிஞ்சி எடுத்துட்டு, பிஸ்கட்டோட செல்லை உள்ள வச்சு, மின்சாரத்தால ஒரு தட்டு தட்டினேன். நாற்பத்தேழு முட்டை வீணாச்சு. ஒண்ணு நின்னுச்சு. அதைத்தான் என் குட்டிங்கறேன்.

— சரி, பாதி உங்களது. ஆனா நெத்தி வெள்ளை எங்க போச்சு? பிஸ்கட்டுக்குக் கையகலம் இருந்துச்சு. இதுக்குக் காசளவுதான்.

— வெள்ளை எங்க விழணும்கறது வயித்துக்குள்ள வளர்றப்ப முடிவாகுது. இது அச்சடிச்ச காகிதம் இல்ல, மிஸ்டர் டாக்கெட். பிஸ்கட்டோட ரெட்டைப் பிறவி. கால் நூற்றாண்டு தாமதமாப் பிறந்திருக்கு, அவ்வளவுதான்.

— அது மட்டும் உண்மை. நேத்து ஒரு கன்னுக்குட்டி குறுக்க வந்துச்சு. இவன் உடனே தலையைத் தாழ்த்தி, முன்னங்கால் ரெண்டையும் பரப்பி மறிச்சுக்கிட்டு நின்னான். யாரும் சொல்லித் தரல. அப்படியே பிஸ்கட். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு.

— வளர்ந்தா நூறு குட்டிக்கு அப்பனாவான். அதுக்காகத்தானே இவ்வளவு பாடும். அப்பேர்ப்பட்ட பிஸ்கட்டைப் போய் ஏன் காயடிச்சீங்க?

— என்னைக் கேக்காதீங்க. அது என் தம்பி ஆர்வில் பண்ண வேலை. இங்க ஆண்குட்டிக்கு ஒரு வயசாச்சுன்னா, வசந்தத்துல வரிசையில கட்டி ஒரே நாள்ல முடிச்சிடுவோம். எதுல என்ன திறமை இருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும்? இருபத்தஞ்சு வருஷமா ஊரே அவனைச் சொல்லிக் காட்டுது.

— சின்னவனுக்கும் இப்ப ஒரு வயசு. எங்க அவன்?

— வரிசையிலதான். காலையில நானே கயிறு போட்டுக் கட்டினேன். முதல்ல இருந்து மூணாவது.

— எந்த வரிசையில, மிஸ்டர் டாக்கெட்?

— ஐயோ. நாற்பது வருஷப் பழக்கம், கை தானாக் கட்டிடுச்சு. மூணாவது முளை காலியா இருக்கே. ஆர்வில்! டேய், அந்தக் குட்டியை என்னடா பண்ணினே?

— கத்தாதே அண்ணே. அவன் என் வண்டிக்குள்ள ஓட்ஸ் தின்னுட்டு இருக்கான். ஒரு ரோமம்கூடக் குறையல. வேணும்னா டாக்டரம்மா வந்து பார்க்கட்டும்.

— என் கத்தி?

— என் பூட்ஸுக்குள்ள இருக்கு.

— நீ எதுக்குடா எடுத்தே? அன்னைக்குப் பிஸ்கட்டுக்குப் பண்ணின தப்பு போதாதா உனக்கு?

— டாக்டரம்மா முன்னாடியாவது சொல்லிடறேன் அண்ணே. அன்னைக்கு நான் பிடிச்சிருந்தது கயிறு. கத்தி உன் கையில இருந்துச்சு.