நாலு மீட்டர் மிச்சம்

– ஏட்டி எலினா, கம்ப்யூட்டர் பெட்டியத் தொறந்து போட்டு என்ன செய்யுத?

– லைட்டு ஒட்டுறேம்மா. உள்ளுக்குள்ள சுத்தி ஒரு மீட்டர். விலை கம்மிதான், நூத்தம்பது ரூவா ரோலு.

– அதுவும் செவப்பு! அப்பா போயி நாலு மாசந்தான் ஆகுது. இந்த வருசம் ஸ்டாரு கட்டல, கேரல் பாட நம்ம வாசலுக்கு வர வேண்டாம்னு சபையில சொல்லிட்டு வந்திருக்கேன். நீ பெட்டிக்குள்ள கிறிஸ்மஸ் கொண்டாடுதியோ?

– கிறிஸ்மஸுக்கு இல்லம்மா. நாள் பூரா இது முன்னாலதான உக்காந்து டைப் அடிக்கேன்.

– சன்னல் வழியா தெருவுக்குத் தெரியும். துக்க வீட்டுல லைட்டு மினுங்குதுன்னு பேசுவாவ.

– இரும்மா. பெட்டிக்குள்ள கரண்டு தர்ற மஞ்ச வயரையும் கருப்பையும் சேத்தா பன்னெண்டு வோல்ட், முழு வெளிச்சம். நான் கருப்புக்குப் பதிலா செவப்பு வயர்ல குடுத்திருக்கேன். ஏழு வோல்ட்தான். பாரு, ஆன் பண்றேன்.

– அணையப் போற கங்கு மாதிரில்லா இருக்கு.

– ஒனக்காகத்தான் மங்கலா வச்சேன்.

– பெரிய மனசுதான். ரோலு பூரா சேந்து எரியுதே?

– டெஸ்ட் பண்ணிட்டு வெட்டணும். ஆஃப் பண்ணிட்டேன். கத்திரிய எடு, அந்தக் கோட்டுல வெட்டு.

– நீ போட்ட கோடா?

– பக்கத்துல எழுதியிருக்கு, வாசி.

– ‘எலினா பெட்டி’... ஏட்டி, இது அவிய எழுத்துல்லா?

– அப்பா வாங்குனதுதான். பீரோ மேல நேத்துதான் பாத்தேன். என் பெட்டிக்கு லைட்டு போட்டுத் தாரேன்னு ரெண்டு வருசமா ஏமாத்துனாங்கல்ல.

– எப்ப வாங்குனாவ?

– கவர்ல பில்லு இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கடை. ஜூலை பதினொண்ணு.

– பதினொண்ணா? அன்னைக்குத்தான டாக்டரு மூணு மாசம் தாண்டாதுன்னு சொன்னாரு. ரெண்டு பேரும் கேட்டுட்டுத்தான் வெளிய வந்தோம். பால்கோவா வாங்கிட்டு வாரேன்னு என்ன பஸ்ஸுல உக்கார வச்சுட்டுப் போனாவ. அரை மணி நேரம். பஸ்ஸு கெளம்பப் போவுது, எங்க போயித் தொலஞ்சீகன்னு அம்புட்டு பேரு முன்னால ஏசிட்டேன். அவிய பால்கோவாவ மடியில வச்சுட்டு சும்மா சிரிச்சாவ.

– அழாதம்மா.

– ரோலு எத்தன மீட்டர்ட்டி?

– அஞ்சு.

– ஒனக்கு ஒண்ணு. மிச்ச நாலு?

– நம்ம ஸ்டாருக்கு எப்பவும் நாலுதான பிடிக்கும்.

– தெரிஞ்சுக்கிட்டே வாங்கியிருக்காவ.

– நான் கட்டச் சொல்லலம்மா. பத்திரமா சுத்தி வச்சிருவோம்.

– அந்தச் செவப்பு வயரக் கழத்து.

– ஏம்மா, மங்கலாத்தான...

– கருப்புல குடு. முழுசா எரியட்டும்.

– சபையில சொல்லிட்டு வந்தியே?

– சொன்னது நான்தான, மறுபடியும் போயி மாத்திச் சொல்லிக்கிடுதேன். நீ மாடிக்குப் போயி, அவிய கட்டுன மூங்கில் ஸ்டார எறக்கிட்டு வா.