எமிட் ஸ்மித்தை ஆதரித்தவனுக்கு நான் செய்தது

உங்கள் அலுவலகத் தேநீர் நன்றாக இருக்கிறது, ஸ்வர்ணா மேடம். ஆக்லாந்தில் பாலைச் சரியாகக் காய்ச்சுகிறவர்கள் குறைவு. ஜனார்த்தன் அதில் கெட்டிக்காரன். அவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து தேநீரைத் தொடாமலே போனான் என்கிறீர்கள். அது தேநீரின் குற்றமில்லை.

அவன் மனைவியின் விசா விஷயமாக அதிகாரி என்னை போனில் கூப்பிட்டபோது நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்கள். விசா ஆலோசகர் என்ற முறையில் கேட்க வேண்டியதுதான். சொல்கிறேன். ஆனால் பாரி சாண்டர்ஸிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

நானும் ஜனார்த்தனும் லின்ஃபீல்டில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஈரோட்டுக்காரன், படிக்கிறேன். அவன் வவுனியாக்காரன், ஒடாஹுஹு பக்கம் பஸ் ஓட்டுகிறான், மதிய ஷிஃப்ட். அமெரிக்கன் ஃபுட்பாலின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் நமக்குத் திங்கட்கிழமை காலையில் வருகின்றன. அன்று காலையில் எனக்கு வகுப்பு உண்டு. போவதில்லை. கிரிக்கெட் என்றால் இங்கே எல்லாத் தமிழர்களும் நிபுணர்கள். ரக்பி என்றால் இந்த நாடே நிபுணர். வேறு யாரும் வாய் வைக்க முடியாத ஒரு விளையாட்டு எங்களுக்குத் தேவைப்பட்டது.

அதில் ரன்னிங் பேக் என்று ஒருவன் இருப்பான். பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணி மொத்தமும் தன்னைச் சாய்க்க வரும்போது, கிடைத்த இடுக்கில் புகுந்து ஓடுவது அவன் வேலை. அப்படி ஓடியவர்களில் ஆகச் சிறந்தவர் யார் என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. ஜிம் பிரவுனையும் வால்டர் பேட்டனையும் பற்றிச் சண்டை கிடையாது. அவர்களைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். சண்டை பாரி சாண்டர்ஸுக்கும் எமிட் ஸ்மித்துக்கும்தான். நான் பாரி. அவன் எமிட்.

எமிட்தான் எல்லோரையும்விட அதிக தூரம் ஓடியவர். மூன்று முறை கோப்பை வென்ற அணி. பாரி, தேறாத ஓர் அணியில் கிடந்து, ஒன்றுமில்லாத இடத்தில் வழி உண்டாக்கி ஓடியவர். இன்னும் ஒரு நல்ல சீசன் ஆடியிருந்தால் சாதனை அவருடையது. ஆடவில்லை. சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி, ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது உலகத்திலேயே கம்பீரமான செயல். ஜனார்த்தனுக்கு அது டிரைவர் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் போவது மாதிரி.

"டேய், எமிட்டுக்கு முன்னாடி தள்ளிவிட மலை மாதிரி ஆளுங்க. அவங்க பின்னாடி உன் பஸ்ஸே ஓடிரும்டா," என்பேன்.

"என்ர பஸ் கடைசி ஸ்டொப் மட்டும் ஓடும். உன்ர பாரி ஓடேல்லையே," என்பான்.

இது அநியாயமான வாதம் மேடம். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே சொல்வான். இப்போதுகூட இதைச் சொல்லும்போது என் காது சுடுகிறது. ஆனால் நான் கோபக்காரன் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வருடப்பிறப்பன்று அவன் மாமா தியாகலிங்கம் வீட்டில் சாப்பாடு. வாதம் மேசைக்கு வந்தது. மாமா, "ஃபுட்போலோ? அது காலால அடிக்கிறதெல்லோ?" என்றார். அவரை விட்டுவிட்டோம். நான் பாரிக்காகச் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஜனார்த்தன் வடையைப் பிய்த்துக்கொண்டே, "மாமா, இவனுக்கு ஏன் பாரியைப் பிடிக்கும் எண்டு தெரியுமோ? ரெண்டு பேரும் அரைவாசியில விட்டிட்டு ஓடுற ஆக்கள்," என்றான்.

நான் மாஸ்டர்ஸை நடுவில் விட்டுவிட்டு வேறு கோர்ஸுக்கு மாறியது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்கே தெரியாது. மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பாயசம்கூட இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான். அது முக்கியமில்லை, முழுமைக்காகச் சொல்கிறேன். "செப்டம்பருக்குள்ள அவ வந்திடுவா. பிறகு வேற வீடு. திங்கக்கிழமைக் கூத்தெல்லாம் முடிஞ்சுது மச்சான்," என்றான். செப்டம்பரில்தான் சீசன் தொடங்கும்.

அந்த வாரமே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். விசாவுக்கு, தம்பதியைத் தெரிந்தவர்கள் என்று ஜனார்த்தன் மாமாவையும் என்னையும் கொடுத்திருந்தான். மரியாதையான குரல். ஜனார்த்தன் தன் மனைவி கிருசாந்தியைப் பற்றி உங்களிடம் பேசுவாரா என்று கேட்டார். அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை என்றேன்.

உண்மை மேடம். அவன் மற்றவர்கள் முன்னால் அவள் பெயரைச் சொல்ல மாட்டான். வெட்கம். 'அவ' என்பான். "அவவுக்கு இண்டைக்குத் தலையிடியாம்" என்பான். 'அவ' என்ன சமைத்தாள், 'அவ' பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் என்ன சண்டை, எல்லாம் எனக்குத் தெரியும். ஈரோட்டிலும் அப்படி ஆட்கள் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அதிகாரிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. பெயரைத்தான் அவர் கேட்டார். நான் பெயருக்குத்தான் பதில் சொன்னேன்.

அவர்கள் போனில் பேசி நான் கேட்டிருக்கிறேனா என்றார். வீட்டில் கேட்டதில்லை என்றேன். நான் கிண்டல் செய்வேன் என்று அவன் வாசலில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து பேசுவான். மழையில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்கும். கல்யாணத்துக்குப் போனீர்களா என்றார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் பரீட்சை என்று சொல்லியிருப்பேன். அறையில் மனைவியின் படம் இருக்கிறதா என்றார். சுவரில் ஒரே ஒரு படம்தான், அது எமிட் ஸ்மித்துடையது என்றேன். கல்யாணப் படம் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் இருக்கிறது. அலமாரியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

கடைசியில், பொதுவாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். ஜனார்த்தன் எதையும் பாதியில் விடாதவர் என்றேன். அது பாராட்டு. அதை அவர் எழுதிக்கொண்டாரா தெரியவில்லை.

விசா மறுக்கப்பட்டது. உண்மையான உறவு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, தம்பதியை அறிந்தவரே உறுதிப்படுத்தவில்லை என்று காரணம். ஜனார்த்தன் சமையலறையில் நின்று திரும்பத் திரும்பப் படித்தான். பிறகு என்னைப் பார்த்து, "மாமாதான். அந்தாள்தான் ஏதோ உளறியிருக்குது," என்றான். நான் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவன் என்னிடம் கேட்கவில்லையே. அன்றிலிருந்து மாமா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். மாமா வாசலுக்கு வந்து நின்றபோது, "நீங்கள் எனக்குச் செய்தது காணும், இனி வராதேங்கோ," என்று கதவைச் சாத்தினான். கிழவர் மழையில் குடையை விரிக்காமலே நடந்து போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. குடை கையிலேயே இருந்தது.

அவன் லீவு போட்டு வவுனியாவுக்குப் போய் அவளைத் தேற்றிவிட்டு வந்தான். இப்போது கிருசாந்தி கர்ப்பம். ஜனவரிக் கடைசியில் குழந்தை என்கிறார்கள். அவளுக்கு ரத்த அழுத்தம், தனியாக இருக்கக் கூடாதாம். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நண்பன் செய்ய வேண்டியது அதுதானே.

செப்டம்பரில் சீசன் தொடங்கியது. அவன் வந்து பக்கத்தில் உட்கார்கிறான். போக வேறு இடமும் இல்லை. முதல் திங்கட்கிழமையே நான் பாரி பேச்சை எடுத்தேன். அவன் திரையைப் பார்த்தபடி, "ஓமடா, உன்ர பாரிதான் பெரியவன். விடு," என்றான்.

மேடம், வாழ்க்கையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அன்றைக்குத்தான். வருஷக்கணக்காக அவன் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். அதைக் குப்பையைத் தூக்கிப் போடுவது மாதிரி போட்டான். வாதாடாமல் ஒருவன் எப்படித் தோற்கலாம்? இத்தனை செய்து நான் அவனை இங்கே நிறுத்தி வைத்தது இதற்கா? கோப்பையைச் சுவரில் எறியலாம் என்று இருந்தது. எறியவில்லை. அவனுக்கு இன்னொரு தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஆகவே, ஆமாம், நான்தான். மாமா அல்ல. அவர்கள் உண்மையான கணவன் மனைவி. இந்த ஊரில் அது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் சொன்னது எதுவும் பொய்யில்லை, எல்லாம் கெடுதலாக இருந்தது. இதை நீங்கள் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு மனிதனின் குடும்பத்தைவிட எனக்கு எந்த விளையாட்டும் பெரிதில்லை.

கையெழுத்துப் போடும் தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். பிப்ரவரியில் சூப்பர் பவுல், சீசனின் கடைசி ஆட்டம், முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமை கூப்பிட்டாலும் வருகிறேன்.